கிளித் தராசில் ஏறிய மாமா

அரைகுறையாகத் தெரிந்தவர்களால் ஊருக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. அவர்களுக்குள்ளேயே ஒரு பயம் இருக்கும். முக்காலே மூணு வீசம் தெரிந்தவர்கள்தான் ஆபத்தானவர்கள். இருபத்தொரு வயதில் பழைய தராசுகளைப் பற்றி எனக்கு முக்காலே மூணு வீசம் தெரியும். மிச்சமிருந்த அந்த ஒரு வீசத்தில்தான் என் தாய்மாமா ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று வீட்டில் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த காலம். (நான் மேற்படிப்பை யோசித்தேன். அவர்கள் மாப்பிள்ளையை யோசித்தார்கள்.) கல்லூரி லேபில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. மூச்சு விட்டால் முள் ஆடும். அதில் ஆரம்பித்தது என் பைத்தியம். எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் பழைய தராசுகளின் படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் இருந்தது. இரவல் வாங்கி, ஒரே வாரத்தில் நெட்டுருப் போட்டேன். அதற்கப்புறம் பஜாரில் நான் காய்கறி வாங்கப் போனால் கத்தரிக்காயைப் பார்ப்பதில்லை, தராசைத்தான் பார்ப்பேன்.

"அண்ணாச்சி, அந்தத் தண்டக் கொஞ்சம் காட்டுங்க. கொக்கி அடிச்சதா, வார்த்ததா?"

நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு கடை கடையாக இப்படிக் கேட்டதில், எடை அளவு ஆபீசிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று பஜாரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் கருப்பட்டி கிலோவுக்கு நூறு கிராம் கூடுதலாக வந்தது. அம்மாதான் என் ஆராய்ச்சியால் பயனடைந்த முதல் ஆள். கடைசி ஆளும் அவள்தான்.

என் ஆராய்ச்சியைச் சும்மா சொல்லக் கூடாது. இரும்புத் தண்டில் அரம் போட்ட தடத்தைப் பார்த்தே கைவேலையா, மிஷின் வேலையா என்று சொல்லிவிடுவேன். தண்டு தாங்கி நிற்கும் கத்திமுனையின் மழுங்கலைப் பார்த்து எத்தனை காலம் உழைத்தது என்று ஊகிப்பேன். அரசாங்க முத்திரைகள் இன்னும் சுலபம். ஆண்டுதோறும் சோதித்துத் தண்டில் குத்துகிற சின்னச் சின்ன அடையாளங்கள் அவை. அவற்றை எண்ணினால் தராசின் வயது கிடைத்துவிடும். மரத்துக்கு வளையம் மாதிரி.

ஒருநாள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் காயலான் கடையில் அதைப் பார்த்தேன். ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புத் தண்டு. வண்டிச் சக்கரம் அளவுக்கு ரெண்டு தட்டு. தண்டின் நடுவே அகலமான பித்தளைப் பீடம். அதன் மேல் கழுத்தைத் திருப்பி ஒரு பக்கமாகப் பார்க்கிற பித்தளைக் கிளி. அந்த இடத்தை விட்டு எனக்குக் கால் நகரவில்லை.

"அண்ணாச்சி, இது என்ன விலை?"

"அது விக்கதுக்கு இல்ல பாப்பா. தொழிலுக்கு ஆகும்னு வச்சிருக்கேன்."

"உங்களுக்குத்தான் அங்கன ஒண்ணு தொங்குதே."

அவர் கிளியைத் தடவிக்கொடுத்தார். "இது ராசியான தராசு. விளாத்திகுளத்துல பருத்தி மண்டியில கெடந்தது. இத வச்சிருந்தவிய மூணு மச்சு வீடு கட்டுனாவ, தெரியுமா?"

எப்பேர்ப்பட்ட வரலாறு என்று புல்லரித்ததே தவிர, ஒரு தராசுக்கும் மூன்று மச்சு வீட்டுக்கும் நடுவில் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வாரம் நடையாக நடந்து அவரைக் கரைத்தேன். கடைசியில் பழைய இரும்பு விலைக்குத் தந்தார். தராசை இன்னொரு தராசில் போட்டு நிறுத்துத்தான் தந்தார். (அந்த இன்னொரு தராசு யோக்கியமானதா என்று நான் சோதிக்கவில்லை.)

வீட்டுக் கொல்லையில் தொங்கவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தேன். வெறும் தட்டுகளோடு முள் நட்ட நடுவில் நின்றது. மயிரிழை பிசகில்லை. ஆராய்ந்ததில் மூன்று விசேஷங்கள் கண்ணில் பட்டன. தண்டில் ஒரு முத்திரைகூட இல்லை. ஆகவே, முத்திரை போடும் சட்டமே வருவதற்கு முந்தைய தராசு. ஒரு தட்டு மற்றதைவிடக் கனமாக, தடிமனாக இருந்தது. ஆகவே, பழைய தட்டு உடைந்து பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். கிளி ஒரு பக்கம் மட்டும் பார்த்தது. ஆகவே, செய்தவன் பெரிய கலைஞன். இவ்வளவையும் அட்டையில் அழகாக எழுதி, நூல் கட்டித் தண்டில் தொங்கவிட்டேன்.

"பழைய இரும்புக்குச் சாதகம் எழுதுதா" என்றார் அப்பா.

இந்தச் சமயத்தில்தான் கனகம் அத்தையின் நேர்த்திக்கடன் வந்து சேர்ந்தது.

தவமணி மாமா, அம்மாவுக்குத் தம்பி. ஊருக்கு வெளியே சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்னால் அவருக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஆள் நாற்பத்தெட்டுக் கிலோவுக்கு இறங்கிவிட்டார். எலும்பும் தோலும் மீசையும்தான் மிச்சம். டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய அன்றைக்கு, அத்தை குலதெய்வத்தை நினைத்து வேண்டிக்கொண்டாள். மாமா பிழைத்து எழுந்தால் அவர் எடைக்கு எடை கடலை மிட்டாய் தருவதாக.

மாமா எழுந்தார். முதலில் உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். அப்புறம் மழை. அப்புறம் தீபாவளி சீசன். மாமா தேறிக்கொண்டே போனார். மாசா மாசம் நேர்த்திக்கடனும் அவரோடு சேர்ந்து வளர்ந்தது. டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்ததால், அத்தை வீட்டில் மூன்று வருஷமாக இட்லி, இடியாப்பம், மோர்ச்சோறு. மாமா ஏங்கக் கூடாதே என்று அத்தையும் எண்ணெயைத் தொடுவதில்லை. அப்படியும் மாமா எப்படித் தொண்ணூற்றிரண்டு கிலோவைத் தொட்டார் என்பதை, ஆண்டவன் அருள் என்பதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

குலதெய்வக் கோயில், விளாத்திகுளம் தாண்டிப் புதூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. அங்கே எடைக்கு எடை நிறுக்கத் தராசு கிடையாது. மண்டியில் வாடகைக்கு எடுக்கலாம் என்றார் மாமா.

"வாடகைத் தராசா?" என்றேன் நான், வாடகை மாப்பிள்ளை என்று யாரோ சொன்னதுபோல. "மாமா, எங்கிட்ட நூறு வருசத் தராசு இருக்கு. இப்ப வாரதெல்லாம் தகரம்."

அத்தைக்கு மட்டும் கொஞ்சம் கலக்கம். "இது வெளையாட்டு இல்லட்டி செண்பகம். அவிய உசிருக்கு நேர்ந்தது. ஒரு குறை வரக் கூடாது."

"வராது அத்தை. நான் பொறுப்பு."

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே ஆஸ்பத்திரி மிஷினில் ஏறி, தொண்ணூற்றிரண்டு என்று சீட்டு வாங்கி வந்திருந்தார் மாமா. அத்தை எதற்கும் இருக்கட்டும் என்று தொண்ணூற்றைந்து கிலோ மிட்டாய் வாங்கி, தன் கண் முன்னாலேயே நிறுத்து, அட்டைப்பெட்டிகளில் கட்டியிருந்தாள். மாமா, அத்தை, நான், தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றுகிற நாலு பேர், மிட்டாய், தராசு, எல்லோரும் ஒரே வேனில். வெடித்துக் கிடந்த கரிசக்காட்டுக்கு நடுவே போன ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் தராசுத் தட்டு கணீரென்று மணி அடித்துக்கொண்டே வந்தது. எனக்கு அது மங்கள வாத்தியமாகக் கேட்டது.

கோயில் முன்னால் பெரிய புளியமரம். அதன் அடிக்கிளையில் சங்கிலி போட்டுத் தராசைத் தொங்கவிட்டோம். ஊரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. கத்திமுனை என்றால் என்ன, முள் என்றால் என்ன என்று பத்து நிமிஷம் விளக்கினேன். வெறும் தட்டைக் காட்டி, "பாத்துக்கிடுங்க, முள்ளு நடுவுல நிக்கி. இதான் யோக்கியமான தராசுக்கு அடையாளம்" என்றேன்.

பூசாரி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். "ஏறி உக்காந்தா, தட்டு தரைய விட்டு எந்திரிக்கிற வரைக்கும் எறங்கக் கூடாது, அண்ணாச்சி. இடையில எறங்குனா நேர்ச்சை தட்டிப் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் அம்மன் பொறுப்பில்ல."

அத்தை தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்தத் தட்டுல ஏறணும்?" என்று மாமா கேட்டார்.

எந்தத் தட்டு என்பதை நான் ஒரே ஒரு காரணத்துக்காக முடிவு செய்தேன். கிளி மிட்டாயைப் பார்த்தபடி இருந்தால் போட்டோவுக்கு அழகாக இருக்கும். மாமாவைக் கிளியின் முதுகுப் பக்கம் ஏற்றினேன்.

மாமா சட்டை வேட்டியோடு, நெற்றி நிறையத் திருநீறோடு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். தட்டு தரையில் நச்சென்று படிந்தது. அடுத்த தட்டில் பெட்டிகள் ஏறின. அறுபது கிலோ. எழுபது. எண்பது. பெண்கள் குலவை விடத் தயாராக நாக்கை ஈரப்படுத்திக்கொண்டார்கள். தொண்ணூறு. மாமா லேசாகக் கண்ணை மூடி மேலே போகத் தயாரானார். தொண்ணூற்றைந்து. கடைசிப் பெட்டி.

மாமா தரையிலேயே இருந்தார்.

"இன்னும் வைங்க" என்றார் பூசாரி.

"அவ்வளவுதான்" என்றாள் அத்தை.

மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மோதிரம், சங்கிலி, சட்டை, இடுப்புப் பெல்ட்டோடு பர்ஸ். கிராமத்துப் பெட்டிக்கடையில் பாட்டிலோடு இருந்த மிட்டாயைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தட்டு அசையவில்லை. கூட்டத்தில் ஒருவர், "கொறைக்கு ரெண்டு சாக்கு வத்தல வச்சா என்ன?" என்று யோசனை சொன்னார்.

"அம்மனுக்கு இனிப்புன்னு நேந்துட்டு மொளகா வத்தலயா வைப்பாவ? ஊரு தாங்குமா?" என்று பூசாரி அவரை அடக்கினார்.

வேனை உடனே டிரைவரோடு கோவில்பட்டிக்குத் திருப்பி அனுப்பினோம், இன்னும் இருபது கிலோ வாங்கிவர. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மாமா தட்டை விட்டு இறங்க முடியாது. பங்குனி வெயில் புளியமரத்துக்குள்ளேயும் இறங்கிக்கொண்டிருந்தது.

"புதன்கிழம தொண்ணூத்திரண்டு. வெள்ளிக்கிழம எப்படிட்டி தொண்ணூத்தஞ்சுக்கு மேல?" அத்தை என்னிடம்தான் கேட்டாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தராசுல கோளாறு இருக்குமோ?" என்று மாமா பரிதாபமாக ஆரம்பித்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தராசு பொய் சொல்லாது மாமா" என்றேன். "மனுசங்கதான் சொல்லுவாங்க."

அத்தை மெதுவாக மாமா பக்கம் திரும்பினாள்.

"என்ன தின்னீக?"

"என்னத்தத் தின்னேன். நீ குடுத்த இட்லிதான்."

"அம்மன் சந்நிதி. பாத்துப் பேசுங்க."

மாமா கோயிலைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். கிளி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து... ரெண்டு பரோட்டா."

கூட்டம் அப்படியே கிட்டே நகர்ந்து வந்தது. நான் விஞ்ஞானி அல்லவா, உடனே சொன்னேன். "ரெண்டு பரோட்டாவுக்கு இவ்வளவு எடை வராது அத்தை."

மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "நாலு" என்றார்.

"சால்னாவோடயா?" என்று பூசாரி கேட்டார், தகவலுக்காக.

"எண்ணெய்ப் பரோட்டா. பொரிச்சது."

"எத்தன நாளா?"

"ஏட்டி மருமவளே, ஒண்ணுக்கு வேற வருது, எனக்கு ஒரு வழி சொல்லேன்" என்று மாமா என்னிடம் கெஞ்சினார்.

"எத்தன நாளா நடக்குன்னு கேட்டேன்" என்றாள் அத்தை.

"விருதுநகருக்குச் சரக்கு ஏத்திப் போறப்பல்லாம். மூணு வருசமா."

அத்தை புளியமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "இவிய ஏங்கக் கூடாதுன்னு நான் மூணு வருசமா ஒரு அப்பளம் பொரிக்கல."

நாலு லோடுமேன்களும் தரையைப் பார்த்தார்கள். (அவர்களும் அந்தப் பரோட்டாக் கடையில் கூட இருந்தவர்கள் என்பது பிற்பாடு வெளிவந்தது.) எனக்கோ உள்ளூர ஒரு பெருமை. நூறு வருஷத் தராசு ஒரு மனிதனின் மூன்று வருஷப் பொய்யை வெளியே இழுத்துவிட்டதே என்று. அட்டையில் அதையும் ஒரு வரி சேர்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் கோயில் வழியாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த ஊர்ச் சுப்பம்மாக்கா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் கம்பு. கூட்டத்தைப் பார்த்து நின்றவள், தட்டில் இருந்த மாமாவைப் பார்க்கவில்லை. நேரே மேலே பார்த்தாள்.

"ஏ, இது கிளித் தராசுல்லா. இந்தச் சனியன இங்கன யாரு கொண்டாந்தா?"

"அக்கா, இது ரொம்பப் பழைய தராசு" என்று நான் ஆரம்பித்தேன். "முத்திரைச் சட்டம் வாரதுக்கு முந்தி..."

"முத்திரையா? இதுக்கு எவன் முத்திர குத்துவான்? ஆபீசரு வாராருன்னாலே இத வைக்கப்படப்புக்குள்ள ஒளிச்சிருவாவல்லா." அவள் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். "எங்க ஐயா பருத்திய இதுலதான் நிறுத்தாவ. அம்பாரமாக் கொண்டுட்டுப் போனாலும் தட்டு எந்திரிக்காது. கிளி பாத்த பக்கம் சரக்க வைக்காதன்னு எங்க வீட்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

நான் முள்ளைக் காட்டினேன். "ஆனா வெறுந்தட்டுல முள்ளு நடுவுல..."

"நிக்கும் தாயி. நிக்க வச்சிருக்கான்லா? கிளி பாத்த தட்டத் தூக்கிப் பாரு, தடிச்சுக் கெடக்கும்." கம்பைத் தூக்கி, கத்திமுனையிலிருந்து தண்டின் ஒரு முனை வரைக்கும் பிடித்து, கட்டை விரலால் அடையாளம் வைத்தாள். அப்படியே அடுத்த பக்கம் பிடித்தாள். மாமா இருந்த பக்கம், கம்பின் அடையாளத்தைத் தாண்டி நாலு விரல் நீண்டிருந்தது.

அகலமான பித்தளைப் பீடத்தை நடுவில் வைத்து, அந்த நாலு விரலை மறைத்திருந்தான் அந்தப் பெரிய கலைஞன். நீண்ட பக்கத்தில் இருக்கிற பொருள் கனம் காட்டும். குட்டைப் பக்கத்தில் எவ்வளவு வைத்தாலும் பற்றாது. வெறும் தட்டில் குட்டு வெளிப்படாமல் இருக்கத்தான் குட்டைப் பக்கத்துக்குத் தடித்த தட்டு. முத்திரை இல்லாதது, தட்டு தடித்தது, கிளி திரும்பியது. நான் அட்டையில் எழுதிய மூன்று விசேஷமும் மூன்று வாக்குமூலங்கள்.

"ஒருக்கா மாத்தி வச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள் சுப்பம்மாக்கா. "இங்கன வச்சத அங்கன, அங்கன வச்சத இங்கன."

மாற்றி வைத்துப் பார்ப்பது எங்கள் லேபில் முதல் வாரப் பாடம். அந்த வாரம் எனக்கு அம்மை போட்டிருந்தது. அந்தத் தடித்த புத்தகத்திலும் அந்த அத்தியாயத்தில் படங்கள் இல்லாததால் நான் தாண்டிவிட்டேன்.

தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப நான் கூடலயா?"

சுப்பம்மாக்கா அப்போதுதான் கீழே பார்த்தாள்.

"நான் தொண்ணூத்திரண்டுதானே?"

"ஆமா மாமா."

"அப்ப பரோட்டாவ நான் எதுக்குட்டி சொன்னேன்?"

அதற்கு இயற்பியலில் பதில் கிடையாது.

அத்தை எழுந்து வந்தாள். அவளுக்கு இப்போது பரோட்டா முக்கியமில்லை. "இப்ப என்ன செய்யதுக்கு? அவியள எறக்க முடியாது. எறக்குனா தட்டிப் போயிரும்."

பழியைத் துடைக்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. மூளை ரயில் வேகத்தில் ஓடியது. "எறக்க வேண்டாம் அத்தை. மாமாவத் தட்டோட தூக்கி அந்தப் பக்கம் மாட்டுவோம். மிட்டாயத் தட்டோட இந்தப் பக்கம் மாட்டுவோம். மாமா தட்ட விட்டு எறங்கவே இல்ல. தட்டுதான் எடம் மாறுது."

பூசாரி கொஞ்சம் யோசித்தார். இந்த மாதிரி ஒரு வழக்கு அவருக்கு இதற்குமுன் வந்ததில்லை. "செய்யலாம்" என்றார்.

நாலு லோடுமேன்களும் குற்ற உணர்ச்சியோடு மாமாவைத் தட்டோடு தூக்கினார்கள். சாமி புறப்பாடு மாதிரி தராசைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். மிட்டாய்த் தட்டை ஊர்க்காரர்கள் பத்துப் பேர் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாமாவைக் கிளி பார்த்த பக்கம், குட்டைப் பக்கத்தில் மாட்டினார்கள். மிட்டாய் நீண்ட பக்கம். எல்லாம் சரி. நான் மறந்தது ஒன்றுதான். தட்டுகளையும் அல்லவா சேர்த்து மாற்றிவிட்டோம். இப்போது தடித்த தட்டு, மிட்டாயோடு, நீண்ட பக்கத்தில். மாமாவுக்கு லேசான தட்டு, குட்டைப் பக்கத்தில். மிட்டாய் பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருந்தவர்களிடம், "விடுங்க" என்றேன்.

விட்டார்கள்.

தொண்ணூற்றிரண்டு கிலோ மனிதர் இவ்வளவு வேகமாக மேலே போவார் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. மிட்டாய்த் தட்டு தரையில் மோதி, பெட்டிகள் வெடித்து, கடலை மிட்டாய் நாலாபக்கமும் பறந்தது. மாமா சங்கிலிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, புளியங்கொத்துக்கு நடுவே, கிளியும் அவரும் முகத்துக்கு முகம் பார்க்கிற உயரத்தில் போய் நின்றார். சுப்பம்மாக்காவின் ஆடுகள் மிட்டாயை நோக்கி வந்தன.

அந்த நொடியில், இரண்டு மணி நேரமாக ஈரப்படுத்திய நாக்கோடு காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும், தட்டு எழுந்ததைப் பார்த்த பழக்கத்தில், ஒரே குரலாகக் குலவை விட்டுவிட்டார்கள்.

குலவை அடங்கும்வரை பூசாரி காத்திருந்தார். "குலவை விட்டாச்சு. அம்மன் ஏத்துக்கிட்டா. எறங்குங்க அண்ணாச்சி."

மாமாவை எப்படி இறக்கினோம் என்பதைவிட, இறங்கியதும் அவர் புளியமரத்துக்குப் பின்னால் எவ்வளவு வேகமாகப் போனார் என்பதுதான் ஊரில் பேசப்பட்டது.

அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப்போனாள். "குலவைய விடு. நெசமாவே குறையில்லல்லா? கள்ளத் தராசுல நிறுத்து அம்மனுக்குக் குடுத்தேன்னு ஆகிரக் கூடாது."

"அத்தை, ஆஸ்பத்திரிச் சீட்டு தொண்ணூத்திரண்டு. நீங்க நிறுத்துக் கட்டுன மிட்டாய் தொண்ணூத்தஞ்சு. மூணு கிலோ கூடத்தான் குடுத்திருக்கீங்க."

அத்தை என்னை நம்பவில்லை. சுப்பம்மாக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "சரியாத்தான் சொல்லுதா" என்றாள் சுப்பம்மாக்கா. அதற்கப்புறம்தான் அத்தை கோயிலுக்குள் போய் விழுந்து கும்பிட்டாள். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது, மூன்று வருஷத்துச் சுமையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல. நேரே மாமாவிடம் போய், திருநீற்றைப் பூசிவிட்டு, அதே கையை நீட்டி, "வீட்டுக்கு வாங்க" என்றாள். மாமா அதற்குப் பதிலாகத் தட்டிலேயே இன்னும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

வேன் இருபது கிலோ மிட்டாயோடு வந்து சேர்ந்தது. ஆடு தின்றது போக மிச்சத்தையும் சேர்த்து ஊருக்குப் பங்கிட வேண்டும். எப்படிப் பங்கிடுவது என்று பேச்சு வந்தபோது சுப்பம்மாக்கா, "இதுலயே நிறுங்க" என்றாள். "படிக்கல்ல அந்தப் பக்கம் வச்சு, மிட்டாயக் கிளி பாத்த பக்கம் வைங்க. எங்க ஐயா குடுத்ததுல கொஞ்சமாவது திரும்பி வரட்டும்."

தட்டுகளைப் பழையபடி மாற்றி மாட்டி, அப்படியே நிறுத்தார்கள். வீட்டுக்கு ஒரு கிலோ என்று பேர். ஒவ்வொருவரும் மடியில் வாங்கியது ஒரு கிலோவும் ஒரு பிடியும். தட்டு எழுந்திருக்காமல் அடம் பிடிக்கும்போதெல்லாம் கூட்டம் சிரித்தது. தராசு அந்த ஊரிலேயே நின்றுவிட்டது. மாமா அது வரும் வேனில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதும் ஒரு காரணம்.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் நான் எதையும் அடித்துச் சொல்ல முடிந்ததில்லை. தர்ப்பூசணி பழுத்திருக்கிறது என்றால்கூட, "மாத்தி வச்சுப் பாத்தியாட்டி?" என்பார்கள். எம்.எஸ்ஸி. சேரக் கடிதம் வந்தபோது அப்பா உறையைப் புரட்டி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தந்தார். இப்போது கல்லூரி லேபில் முதல் வாரம் நான் எடுக்கிற முதல் பாடமும் அதுதான். அம்மை போட்டாலும் அந்த வகுப்பை விடுவதில்லை.

எனக்கு வரன் பார்த்தபோது ஒரு போட்டோ வந்தது. பார்த்ததுமே, "நல்ல மனுசன், முகத்துலயே தெரியுது" என்றேன்.

"மாத்தி வச்சுப் பாத்தியாட்டி?" என்றார் மாமா. மாற்றி வைத்துப் பார்க்கிற பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு ஊர் சாத்தூர். மாமா முதலில் சொல்லிவிட்டு ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அடுத்த வாரம் சொல்லாமல் ஒரு தடவை போனார். ஆள் வீட்டில் இல்லை. விசாரித்துக்கொண்டு போனால், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் தனியாக உட்கார்ந்து பொரிச்ச பரோட்டா தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

மாமா ராத்திரி திரும்பி வந்து, "ரெண்டு பக்கமும் சரியா நிக்கி. முடிச்சிருவோம்" என்றார். பரோட்டா விஷயம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியவந்தது.

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப் போகிறது. மாசம் ஒருநாள் நாங்கள் மாமா வீட்டுக்குப் போகும்போது, என் வீட்டுக்காரரும் மாமாவும் ஏதோ வேலை என்று சேர்ந்து கிளம்பிப் போகிறார்கள். திரும்பி வந்ததும் மாமா ராத்திரிச் சாப்பாடு வேண்டாம், வயிறு மந்தம் என்பார். அத்தை ஒன்றும் கேட்பதில்லை. அடுப்படிக்குள் போய் எண்ணெய்ச் சட்டியை வைத்து, தனக்கும் எனக்குமாக நாலு அப்பளம் பொரிப்பாள்.